உப்புவெளி விடுதியொன்றில் எரிவாயுவில் ஓடும் மின்–வெப்ப இயந்திரம்: கிட்ட நின்று பார்த்தவனின் மதிப்பீடு

உப்புவெளிக் கடற்கரையை ஒட்டி 24 அறைகள் கொண்ட ஒரு விடுதியில், எரிவாயுவில் ஓடி மின்சாரத்தையும் சுடுநீரையும் ஒருங்கே தருகிற சிறிய இயந்திரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. திருகோணமலையில் விடுதிகளுக்கும் சலவை நிலையங்களுக்கும் மின் வேலை பார்த்து, அவற்றின் மின் பட்டியலைக் குறைக்க வழி சொல்லிப் பிழைக்கிறவன் நான். அந்த வகையில் உரிமையாளர் என்னை அழைத்து, இயந்திரத்தைப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கச்சான் வீசும் காலத்தில் ஒரு தடவையும், மாரி தொடங்கிய பின் ஒரு தடவையுமாகச் சென்று, நாட்கணக்கில் அதன் அருகே இருந்து பார்த்தேன். செய்த நிறுவனத்தின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே தரவில்லை. நான் கண்ட குறைகளிற் பெரும்பாலானவை இயந்திரத்தைச் செய்தவரிடம் இல்லை, அதை இந்த ஊருக்கு ஏற்றது என்று சொல்லி விற்ற முறையிலும் வைத்த இடத்திலுமே இருக்கின்றன. விளம்பரத் தாளில் ‘சுற்றாடலுக்கு உகந்தது’ என்ற சொல் பெரிய எழுத்தில் நிற்கிறது. அந்தச் சொல் இங்கே எவ்வளவு தூரம் உண்மை என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

ஒரு குளிர்சாதனப் பெட்டியளவு உயரமான இரும்புக் கூட்டுக்குள் எரிவாயு எஞ்சினும், அதனோடு பிணைத்த மின்பிறப்பாக்கியும், எஞ்சினின் சூட்டையும் புகையின் சூட்டையும் தண்ணீருக்கு மாற்றுகிற குழாய்த் தொகுதியும் அடங்கியுள்ளன. தகட்டில் எழுதியிருப்பதன்படி, 20.5 கிலோவாற்று அளவுக்கு எரிபொருளை எரித்து 5.5 கிலோவாற்று மின்சாரமும் 12.5 கிலோவாற்று வெப்பமும் தருகிறது. 50 கிலோவாற்றுக்குக் கீழ்ப்பட்ட இத்தகைய இயந்திரங்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுப் பணிப்புரை மிகச் சிறியவை என்ற வகையிற் சேர்த்தது. எரித்த 100 பங்கில் 27 பங்கு மின்சாரமாகவும் 61 பங்கு சுடுநீராகவும் கைக்கு வருகின்றன. மிச்சம் 12 பங்குதான் புகைபோக்கியாற் போகிறது. நுரைச்சோலை மின் நிலையத்தில் 300 மெகாவாற்று வீதம் மூன்று தொகுதிகளில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கு மேல் கடலோடும் காற்றோடும் கலந்துவிடுவதை நினைத்துப் பார்த்தால், வெப்பம் வேண்டியவரின் வீட்டு வாசலிலேயே எஞ்சினைக் கொண்டுபோய் வைப்பது எவ்வளவு நல்ல யோசனை என்பது விளங்கும். அந்த யோசனைமீது எனக்கு மதிப்பு உண்டு. இதன் கட்டுமானமும் நேர்த்தியாகவே இருக்கிறது. கூட்டின் கதவைச் சாத்தினால் இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்து சாதாரணக் குரலிற் கதைக்கலாம்.

சிக்கல் எரிபொருளில் தொடங்குகிறது. விளம்பரத் தாளில் உள்ள கணக்கெல்லாம் இயற்கை வாயுவுக்கு உரியவை. திருகோணமலையில் இயற்கை வாயு கிடையாது. 2011இல் மன்னார் வடிநிலத்தில் இரண்டு கிணறுகளிற் கண்டுபிடிக்கப்பட்ட வாயு கரைக்கு வரவில்லை. வீதிக்கடியில் வாயுக் குழாய் பதித்த நகரம் எதுவும் நம் நாட்டில் இல்லை. ஆகவே இந்த இயந்திரம், நாம் சமையலுக்குப் பாவிக்கிற அதே காஸில், 37.5 கிலோ சிலிண்டர்களில் ஓடுகிறது. இயற்கை வாயு எரிந்து ஒரு கிலோவாற்று மணி வெப்பம் தரும்போது ஏறத்தாழ 202 கிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். சமையல் காஸுக்கு அது 227 கிராம், டீசலுக்கு 267 கிராம். எரிபொருள் மாறிய அந்தக் கணமே, விளம்பரத் தாளின் கணக்கு எட்டில் ஒரு பங்கு பிசகிவிட்டது. அத்தோடு, காஸில் உள்ள பியூட்டேன் எஞ்சினுக்குள் வேளைக்கு முந்தி வெடித்து ‘டக் டக்’ என்று இடிக்கும் இயல்பு மெதேனைவிட மிக அதிகம் உள்ளது. அதைத் தவிர்க்க எஞ்சினின் வலுவைக் கொஞ்சம் இறக்கித்தான் ஓட்ட வேண்டும்.

மணிக்கு 1.6 கிலோ காஸ் போகிறது. ஒரு சிலிண்டர் ஒரு பகலும் இரவும் முழுதாகத் தாங்காது. காலையில் அந்தச் சிலிண்டர்களின் அருகே போய்ப் பார்த்தால், உள்ளே திரவம் வாயுவாக மாறும்போது உறிஞ்சும் வெப்பத்தால் இரும்பு குளிர்ந்து, திரவம் நிற்கும் மட்டம் வரைக்கும் நீர்த்துளி கோடு கீறினாற்போற் படிந்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தே எவ்வளவு காஸ் மிச்சம் என்று சமையற்கட்டுப் பையன் சொல்லிவிடுகிறான்.

இனி நான் முக்கியமாகக் கருதும் கணக்குக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் ஓடினால் 4.65 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் வந்த 12.5 கிலோவாற்று வெப்பம் முழுவதும் பயன்பட்டால், அதே சுடுநீரை ஒரு நல்ல காஸ் கொதிகலனிற் காய்ச்சியிருந்தால் வெளிவந்திருக்கக்கூடிய 3.3 கிலோவை நியாயமாகக் கழிக்கலாம். மிச்சம் 1.3 கிலோ 5.5 அலகு மின்சாரத்தின் மேல் விழும். ஓர் அலகுக்கு 240 கிராம். இது மிகவும் நல்ல எண். வெப்பத்தில் பாதி மட்டும் பயன்பட்டால் ஓர் அலகு 540 கிராமுக்கு ஏறும். வெப்பம் முழுவதும் வீணானால் 850 கிராம். நிலக்கரி மின் நிலையத்தின் அலகு ஒன்றுக்கு 900 கிராமை ஒட்டி வருகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே இயந்திரம், ஒரே காஸ், ஒரே மின்சாரம். ஆனால் சுடுநீரை யாராவது எடுத்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து அது சுத்தமான இயந்திரமாகவும் இருக்கலாம், கடற்கரையில் வைத்த சின்ன நுரைச்சோலையாகவும் இருக்கலாம். இயற்கை வாயுவிலேயே ஓடினாலும் இந்த விதி மாறாது. வெப்பம் வீணாகும்போது அதன் அலகு 750 கிராம் வரும். முதற் சுழலியின் புகைச் சூட்டில் நீராவி எழுப்பி மறுபடியும் மின்சாரம் எடுக்கும் பெரிய கூட்டுச்சுற்று நிலையமொன்றில் அதே வாயுவை எரித்தால் ஓர் அலகுக்கு அதிற் பாதிதான் வெளிவரும்.

அப்படியானால் இந்த விடுதியில் வெப்பம் எங்கே போகிறது? கூரையில் 1,000 லீற்றர் காப்பிட்ட தொட்டி ஒன்று உண்டு. 30 பாகையில் உள்ள தண்ணீரை 60 பாகைக்கு ஏற்ற 35 கிலோவாற்று மணி வெப்பம் போதும். அதாவது இயந்திரம் மூன்று மணி நேரம்கூட ஓடத் தேவையில்லை. தொட்டி சூடேறி முடிந்ததும், கட்டுப்பாட்டுப் பெட்டி இயந்திரத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, பின்சுவரில் உள்ள விசிறி பூட்டிய கதிர்விப்பானுக்கு வெப்பத்தைத் திருப்பிவிடுகிறது. மின்சாரம் தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காக விற்றவரே அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார். கச்சான் காலத்து இரண்டு மணி வெயிலில் அந்தக் கதிர்விப்பானின் முன்னால் நின்றேன். முகத்தில் அடித்த அனல் காற்று நேரே மூன்று முழத் தொலைவில் வரிசையாய் நிற்கும் குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சூட்டை வெளியே தள்ள வேண்டிய அந்தப் பெட்டிகள் சூடான காற்றையே இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கின. இயந்திரம் உண்டாக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி, அதே இயந்திரம் கக்கும் சூட்டோடு மல்லுக்கட்டுவதிலே செலவாகிறது. சுவரோரம் நின்ற கறிவேப்பிலை மரத்தின் அந்தப் பக்கத்துக் கிளை மட்டும் கருகியிருந்தது.

சலவைக்குப் பொறுப்பான மூத்த அம்மையாரிடம், “அக்கா, அறைகளில் இருக்கிறவங்க சுடுதண்ணி கேட்கிறதில்லையா?” என்று கேட்டேன். “மத்தியானத்தில மேல் தொட்டித் தண்ணியே கை வைக்க ஏலாமச் சுடுது தம்பி. இந்தக் கச்சானுக்குள்ள ஆர் சுடுதண்ணி கேட்கப் போறாங்க?” என்றார். அவர் சொன்னதில் இந்த இயந்திரத்தைப் பற்றிய முழு மதிப்பீடும் அடங்கியிருக்கிறது. சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை விடுதி நிறைந்திருக்கும். அப்போது குளிக்கச் சுடுநீர் வேண்டியவர் குறைவு. மாரியில் காலைக் குளிருக்குச் சுடுநீர் வேண்டும்; அப்போது கடல் கொந்தளித்து, புறாத்தீவுக்குப் படகும் ஓடாமல், அறைகள் வெறுமையாகக் கிடக்கும். ஆண்டு முழுதும் மாறாமற் சுடுநீரை எடுப்பது சலவை அறையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் மட்டுமே. அவற்றின் தேவை காலையில் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

யப்பானில் 2003ஆம் ஆண்டு ஹொண்டா எஞ்சினோடு ‘எக்கோவில்’ என்ற பெயரில் வீட்டுக்கான இயந்திரம் ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் மின்வலு ஒரு கிலோவாற்று மட்டுமே. வீட்டுக்குச் சுடுநீர் தேவைப்படும் நேரத்தைப் பார்த்தே அது ஓடும். இரவில் வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து குளிப்பது அங்கே அன்றாட வழக்கம் என்பதால், அந்த வெப்பத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருந்தது. 2011இல் வந்த மாதிரியின் மொத்த வினைத்திறன் 92 சதவீதம். அதுகூட 2017இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. நமக்கோ வெந்நீர் என்றால் கன்னியாக் கிணறுகள். நிலத்திலிருந்து தானே ஊறுகிறது, மற்றப்படி உடம்புக்கு முடியாதவர்க்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அடுப்பிற் காய்ச்சுவோம். ஒரு நாட்டின் குளியலறையைப் பார்த்துச் செய்த கணக்கை இன்னொரு நாட்டின் கடற்கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இயற்கை வாயு எதிர்காலத்தில் குழாயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்றவர் உரிமையாளருக்குச் சொல்லியிருக்கிறார். அதையும் சற்று ஆராய வேண்டும். இயற்கை வாயுவின் பெரும்பகுதி மெதேன். எரியாமல் வெளியேறும் மெதேன், 100 ஆண்டுக் கணக்கில் அதே எடைக் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 30 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் புவியைச் சூடேற்றுகிறது. சிறிய எஞ்சின்களில் சிலிண்டர்ச் சுவரோரத்திலும் பிஸ்டன் இடுக்குகளிலும் சுடர் எட்டாத கொஞ்ச வாயு எரியாமலே புகையோடு போய்விடும். இந்த அளவு இயந்திரத்தில் 100இல் ஒரு பங்கு அப்படிப் போனாலே, 100 ஆண்டுக் கணக்கில் அதன் மொத்தப் பாதிப்பு பத்தில் ஒரு பங்கும், 20 ஆண்டுக் கணக்கில் பத்தில் மூன்று பங்கும் கூடிவிடும். கிணற்றிலிருந்து குழாய் வழியாக வரும் பாதையில் கசிவது வேறு. காஸில் ஓடும்போது எஞ்சினில் இந்த மெதேன் பிரச்சினை இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

காற்றின் தரத்தைப் பொறுத்தவரை, டீசலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இரண்டு வாரம் புகைபோக்கியின் வாயில் கட்டிவைத்த வெள்ளைத் துணி ஏறத்தாழ வெள்ளையாகவே இருந்தது; பக்கத்தில் நிற்கும் பழைய டீசல் மின்பிறப்பாக்கியின் புகைக்குழாய்க்கு மேலே உள்ள சுவர் கறுத்துப்போய்க் கிடக்கிறது. கந்தகமும் கரித்தூளும் மிகக் குறைவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டுகள் எஞ்சினில் உண்டாகவே செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 செப்டம்பர் முதல் விதித்த எல்லையில், ஒரு கிலோவாற்று மணி எரிபொருளுக்கு, வாயுக் கொதிகலனுக்கு 56 மில்லிகிராமும் இவ்வகை உள்ளெரி எஞ்சினுக்கு 240 மில்லிகிராமும் அனுமதிக்கப்பட்டுள்ளன. சட்டமே நான்கு மடங்குக்கு மேல் இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது. இந்த விடுதியில் புகைபோக்கி, வேலையாட்கள் தூங்கும் அறையின் சாளரத்துக்கு நேரே, ஆள் உயரத்திலேயே முடிகிறது. எத்தனை நல்ல எஞ்சின் என்றாலும் அதன் புகை தூங்குகிறவரின் முகத்துக்கு வரக்கூடாது. முதல் நாளே இதைச் சொன்னேன். குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்த ஒரு நாள் வேலைதான் பிடித்தது.

உப்புக் காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கதிர்விப்பானின் அலுமினியத் தகடுகள் ஓர் ஆண்டுக்குள் வெள்ளையாய்ப் பூத்து, விரலால் தொட்டால் உதிர்கின்றன.

நான் மிகவும் வருந்திய குறை ஒன்று உண்டு. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு, மின்சாரம் தரும் இயந்திரம் என்றாலே மின்வெட்டில் கைகொடுப்பது என்றுதான் மனதில் பதியும். உரிமையாளரும் அப்படியே நம்பி வாங்கினார். ஆனால் இதனுள் இருப்பது மின்சார சபையின் இணைப்பைப் பற்றிக்கொண்டே சுழலும் வகை மின்பிறப்பாக்கி; வெளியே மின்சாரம் நின்றால் இதுவும் அந்த நொடியே நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு என்ற வகையில் அது சரியானதே. ஆனால் வாங்குகிறவருக்கு அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆக, மின்வெட்டில் பழைய டீசல் எஞ்சின்தான் இன்றைக்கும் உறுமிக்கொண்டு எழும்புகிறது; அதன் புகையை ஒழிக்கும் என்று வாங்கிய இயந்திரம் அதனருகே பேசாமல் நிற்கிறது.

சுற்றாடலைப் பற்றி விடுதிக்காரரிடம் இவ்வளவு கறாராகப் பேசத் தேவையா என்று சிலர் கேட்டார்கள். விரிகுடாவுக்கு அக்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006இல் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் முகாம்களில் கிடந்து மீண்டு வந்த மக்களின் நிலத்தருகே 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் வரவிருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. இன்று அங்கே 120 மெகாவாற்று சூரிய மின் திட்டம் திட்டமிடப்பட்டு, 2025இல் அடிக்கல்லும் இடப்பட்டிருக்கிறது. நிலக்கரியை வேண்டாம் என்று சொன்ன ஊரில், அதே அளவு காபனைக் கக்கும் மின்சாரத்தை ‘உகந்தது’ என்ற பெயரில் ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுமட்டுமன்று, 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வர வேண்டும் என்பது அரசின் இலக்கு. பொது மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாக, இந்த இயந்திரத்தின் நன்மை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டு போகும். ஆனால் அது கக்கும் 4.65 கிலோ தேயாது.

இதே விடுதிக் கூரையில் 20 கிலோவாற்றுச் சூரியப் படலங்களை வைக்க இடமிருக்கிறது. நல்ல வெயில் நாளில் அவை 80 அலகு தரும். இயந்திரம் 12 மணி நேரம் ஓடித் தருவது 66 அலகு. அதற்கு 56 கிலோ காபனீரொட்சைட்டு. ஆனால் சூரியன் மாலை ஆறரைக்கு மேல் உதவாது. மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சக் கட்டண நேரம். எண்ணெயில் ஓடும் நிலையங்களை மின்சார சபை எழுப்புவதும் அப்போதுதான். கடலிற் குளித்துவிட்டு வருகிறவர்கள் உப்பைக் கழுவ வெந்நீர் திறப்பதும் அந்த நேரமே. ஆகவே இயந்திரத்துக்கு உரிய வேளை விடியற்காலைச் சலவையும் இந்த மாலை நேரமுமே. நடுப்பகல் ஒருபோதும் அன்று.

இத்தகைய இயந்திரம் யாருக்குப் பொருந்தும் என்று என்னிடம் கேட்டால், நாள் முழுதும் துணி துவைத்துக் கிருமி நீக்கும் மருத்துவமனைச் சலவையகத்துக்கும், பல விடுதிகளின் விரிப்புகளை எடுத்துத் துவைக்கும் பெரிய சலவை நிலையத்துக்கும் பொருந்தும் என்பேன். கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு நெல் அவிக்க வெப்பம் வேண்டும்தான். ஆனால் அவற்றின் வாசலில் உமி மலையாய்க் குவிந்திருக்க, காஸை வாங்கி எரிப்பது பாவம். நம் கடற்கரையில் ஆண்டு முழுதும் வேண்டியது சூடன்று, குளிர். வெந்நீரைக் கொண்டு குளிர் உண்டாக்கும் உறிஞ்சல் வகைக் குளிரூட்டிகள் இருக்கின்றன; இந்த இயந்திரத்தின் 12.5 கிலோவாற்று வெப்பத்திலிருந்து ஏறத்தாழ 8.5 கிலோவாற்றுக் குளிரை எடுக்கலாம், மூன்று நான்கு அறைகளுக்குப் போதும். அதற்குத் தண்ணீர் 80 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், கருவியின் விலையும் இந்த அளவு விடுதிக்குக் கட்டாது. மீன் வைக்கும் பெரிய குளிர் அறைகளுக்கு ஒருநாள் அது கட்டக்கூடும்.

நானும் உரிமையாளரும் சேர்ந்து செய்த மாற்றங்கள் சில. கதிர்விப்பானுக்குப் போகும் வால்வை மூடி, தொட்டி சூடேறினால் இயந்திரம் தானாக நிற்கும்படி கட்டுப்பாட்டை மாற்றினோம். காலை 4.30க்கும் மாலை 6.30க்கும் தொடங்கும்படி நேரம் வைத்தோம். சலவை இயந்திரங்களுக்குள் இருந்த மின் சூடாக்கிகளைத் துண்டித்து, தொட்டியின் வெந்நீரை நேரே அவற்றுக்குக் குழாயிற் கொடுத்தோம். மின்சாரத்தால் தண்ணீர் காய்ச்சுவது அதோடு நின்றது. எஞ்சினிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெயை மண்ணில் ஊற்றாமல் பீப்பாயிற் சேர்த்து, எடுத்துச் செல்பவரிடம் பற்றுச்சீட்டோடு கொடுக்கும்படி எழுதிவைத்தோம். அந்த வளவின் கிணறு இருபது அடி தள்ளித்தான் இருக்கிறது. இயந்திரம் ஓடும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, மின் பட்டியல் கொஞ்சம் ஏறிவிட்டது, காஸ் செலவு அதைவிட அதிகமாக இறங்கிவிட்டது.

மாரியில் இரண்டாம் தடவை போனபோது, நிலாவெளியில் கட்டுகிற தமது புதிய விடுதிக்கும் இதே இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். கூரையின் தென்புறச் சரிவைச் சூரியப் படலங்களுக்கு விட்டுவிட்டு, சலவையை இங்கேயே கொண்டுவந்து துவைக்கச் சொன்னேன்; ஏனென்றால் இங்கே இருக்கும் எஞ்சினுக்கு இன்னும் அதன் வெப்பத்தை முழுதாக எடுக்க ஆள் போதவில்லை. நிலாவெளித் துணிகளை ஏற்றிவர முச்சக்கர வண்டி ஒன்றைப் பேசிவிட்டார்.